மஞ்சளுக்கு மேல் நீலம்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். கொல்லயில் என்ற ஊரில் தாணுமாலயன் பிள்ளையின் கிளியறையில் நிஜமாகவே ஒரு பொன் குஞ்சு பிறந்துவிட்டது. அன்றோடு அவன் நிம்மதி போயிற்று.

அவனுக்கு நெய்யாற்றின்கரையில் குமஸ்தா உத்தியோகம். வயல் உண்டு, தென்னை உண்டு, சோற்றுக்குக் குறைவில்லை. கிளி வளர்த்தது வயிற்றுப்பாட்டுக்கு அல்ல, வெறும் கிறுக்கு. மற்றவர்கள் பனம்பொந்தில் கையை விட்டுக் குஞ்சைப் பிடித்து வந்து, சிறகை வெட்டிக் கூட்டில் போடுவார்கள். தாணுமாலயனுக்கு அது பிடிக்காது. தொழுவத்தை ஒட்டி மூங்கில் கிராதியாக அழியடித்து ஓர் அறை கட்டினான். குடைந்த தென்னந்தடிகளை உள்ளே தொங்கவிட்டான். ஜோடிகள் தாமாக முட்டையிட்டுப் பொரிக்கும்வரை வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தான். குஞ்சுகளை விற்க மாட்டான், வேண்டியவர்களுக்குச் சும்மா கொடுப்பான். கொடுத்தபின் அந்த வீடுகளுக்குப் போய், கூடு காற்றோட்டமாக இருக்கிறதா, பூனைத் தொல்லை உண்டா என்று பார்த்துவருவான். பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன்கூட அத்தனை தடவை சம்பந்தி வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டான்.

அந்தத் தை மாதம் பொரித்த குஞ்சுகளில் ஒன்று மட்டும் சிவந்த கண்ணோடு இருந்தது. தாய்க்கிளி அதற்குச் சரியாக இரை கொடுக்கவில்லை. தாணுமாலயன் அதை எடுத்து, பிலாவிலையைக் கரண்டியாகக் கோட்டி, பயற்றங்கூழ் ஊட்டினான். இறகு முளைத்தபோது பார்த்தால் பச்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. தலை முதல் வால்வரை பழுத்த மஞ்சள். "மக்கா" என்று கூப்பிட்டால் எங்கிருந்தாலும் தத்தித் தத்தி ஓடிவந்து அவன் விரலில் ஏறும். வேலைக்குப் புறப்படும்போது காது மடலைக் கவ்விக்கொண்டு விடாது. குழந்தை இல்லாத வீடு அது. அவன் அந்தக் குஞ்சின் மேல் உயிரையே வைத்துவிட்டான்.

சந்தோஷப்பட வேண்டியவன் பயந்தான். பயத்துக்குக் காரணம் நெய்யாற்றின்கரை மாமா. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், தூரத்து உறவு, தாணுமாலயனுக்கு உத்தியோகம் வாங்கித் தந்த புண்ணியவான். வருஷத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரம் போய் அரண்மனையில் ஏதாவது ஒரு காணிக்கை வைத்துவிட்டு வருவது அவர் வழக்கம். ஊரில் அபூர்வமாக எது முளைத்தாலும் அவர் காதுக்குப் போய்விடும். இரட்டைக்குலை தள்ளிய வாழை, வெள்ளை உடும்பு, மூன்று கிளை விட்ட தென்னை, எல்லாம் அப்படித்தான் போயின. மிரட்ட மாட்டார். தோளில் கைபோட்டு, "இது நம்ம வீட்டுல வச்சுக்கிடப்பட்ட சாதனமா மக்கா? பொன்னுதம்புரானுக்கு உள்ளதாக்கும்" என்பார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினமாதிரி இருக்கும். பொருள் போய்விடும்.

அதனால் தாணுமாலயனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முற்றத்து வாசலில் படிப்புரைக் கதவு கிரீச்சிட்டால் எழுந்து ஓடுவான். மாடு கனைத்தால் ஓடுவான். வேலை செய்யும் இடத்தில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, இந்நேரம் வீட்டுக்கு எவன் வந்திருப்பானோ என்று ஜன்னலைப் பார்ப்பான். மனைவி உமையம்மாளைத் துளைத்தெடுப்பான்.

"இண்ணைக்கு ஆரும் வந்தாவளா?"

"பால்க்காரி வந்தா."

"கிளியறைப் பக்கம் பாத்தாளா?"

"அவ மாட்டைப் பாத்தா. உங்களுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்பாள் உமையம்மாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெத்தினதாஸ் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மிஷன் பள்ளி வாத்தியார், அவரும் கிளிக் கிறுக்கர்தான். ஒரு பச்சைக் குஞ்சு தருவதாக தாணுமாலயனே வாக்குக் கொடுத்திருந்தான். நல்ல மனுஷர், வாய்தான் ஓட்டை. அவர் காலையில் கண்டதை மாலை ஆராதனைக்குள் பக்கத்துப் பாறசாலை ஊர் முழுக்க அறிந்துவிடும். மஞ்சள் குஞ்சை உள்ளறையில் பூட்டினால் கத்தியே காட்டிக்கொடுக்கும். தவித்துக்கொண்டு நடந்தவன் கண்ணில், வேட்டிக்குப் போடும் நீலப்பொட்டலம் பட்டது.

மஞ்சளுக்கு மேல் நீலம் ஏறினால் பச்சை. இது யாருக்குத்தான் தெரியாது? ஆனால் தெரிந்த எல்லாரும் கிளியைப் பிடித்துப் பூசுவதில்லை. தாணுமாலயன் பூசினான். தண்ணீர் பட்டால் போகாமலிருக்க முருங்கைப் பிசினையும் கரைத்துச் சேர்த்தான். குஞ்சு விளையாட்டு என்று நினைத்து, துணிச்சுருளைக் கவ்விக் கவ்வி இழுத்தது.

"வாயில்லாச் சீவனுக்காக்குமா சாயம்?" என்று உமையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு நேரத்துக்குத்தான். சாரு அங்ஙன போனதும் கழுவிப்போடலாம்."

ரெத்தினதாஸ் வந்தார். அழியருகே குனிந்து பார்த்தார்.

"இது என்னவோய் பிள்ளைவாள், பாசி பிடிச்ச பச்சையா இருக்கு?"

"இளங்கிளியாக்கும் சாரே. வெயில் கொண்டா தெளியும்."

"கண்ணு செவந்துல்லா கெடக்கு?"

"நேத்தைக்கு மிளகா தின்னுது."

வாத்தியார் அதையும் நம்பினார். கிளி அவர் தோளில் ஏறி, சட்டைப் பையிலிருந்த பென்சிலை உருவியது. "எம்மா, என்னா ஒரு எணக்கம்!" என்று உருகிப்போனார். தமக்குச் சொன்ன வேறொரு குஞ்சை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். தாணுமாலயனுக்குப் போன உயிர் வந்தது. கழுவலாம் என்று தண்ணீர் எடுத்தபோது, பக்கத்து வயல்காரர் வரப்புத் தகராறு பேச வந்தார். மறுநாள் இன்னொருவர் வந்தார். பச்சை இருந்தால் பயமில்லை என்று ருசி கண்டவன், அப்புறம் கழுவவே இல்லை. வெளுக்க வெளுக்கப் பூசினான்.

தேளுக்குப் பயந்து பாம்பின் வாயில் விழுந்த கதை அடுத்த வாரம் நடந்தது. நெய்யாற்றின்கரை மாமா வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் ரெத்தினதாஸ். மாமாவின் மனைவி சண்முகவடிவு அம்மாளுக்கு மதுரை மீனாட்சி மேல் அளவற்ற பக்தி. அம்மன் கையிலிருக்கும் கிளியைப் போல ஒரு பச்சைக்கிளி பூஜையறையில் இருக்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட, வாத்தியார் வாயைத் திறந்துவிட்டார்.

ஒரு காலையில் வில்வண்டி வந்து நின்றது. சண்முகவடிவு அம்மாள் நேரே கிளியறைக்கு வந்தாள்.

"எலே தாணு, எணக்கமுள்ள பச்சைக்கிளி ஒண்ணு உனக்க கிட்ட உண்டாமே?"

"உண்டு அத்தே, இந்தா இது நல்ல சாதி. தெளிஞ்ச பச்சை." வேறொரு கிளியைக் காட்டினான். அது அவளைக் கொத்த வந்தது. அடுத்ததைக் காட்டினான், அது மூலைக்குப் பறந்தது. மூன்றாவது கிளியை யாரும் காட்டவில்லை. தானாகவே தத்தி வந்து அவள் வளையலைப் பிடித்து ஏறி, மணிக்கட்டில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்தது. அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அம்மனே அனுப்பினமாதிரி இருக்கு. இது போதும் மக்கா."

இது பச்சையல்ல என்று தாணுமாலயன் சொன்னால் மாமாவுக்குத் தெரியும், கிளி திருவனந்தபுரம் போகும். சொல்லாவிட்டால் நெய்யாற்றின்கரை போகும். நெய்யாற்றின்கரைக்குத் தினமும் போகலாம். அவன் தன் கையாலேயே கூட்டில் வைத்துக் கொடுத்தான்.

"குளிப்பாட்டாண்டாம் அத்தே. இளசு, நீர் கோத்திரும்" என்று மட்டும் சொன்னான்.

அதற்குப்பிறகு அவன் பட்ட பாடு நாய் படாது. வேலை முடிந்ததும் மாமா வீட்டுக்கு ஓடுவான். கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தால் வேலை முடியுமுன்பே ஓடுவான். கூட்டை முற்றத்தில் வைத்திருப்பார்களோ, சாரல் அடித்திருக்குமோ என்று வழியெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவன் மடியில் நீலப்பொட்டலம் இருந்தது. "மருந்து போடணும் அத்தே" என்று கூட்டைத் தொழுவத்துப் பின்னால் கொண்டுபோய், வெளுத்த இடமெல்லாம் நீலத்தை ஒற்றுவான். இத்தனை கரிசனமா என்று அம்மாள் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவனைப் புகழ்ந்தாள். புகழ்ச்சி அவனுக்கு முதுகில் எறும்பு ஊர்ந்தமாதிரி இருந்தது.

முதலில் சில நாள் அவன் குரல் கேட்டதும் கிளி கம்பிக்கு ஓடிவந்தது. அப்புறம் இருந்த இடத்திலேயே இருந்து பார்த்தது. பிறகு கை உள்ளே வந்தால் மூலைக்குப் போயிற்று. சித்திரை பிறந்தபோது துண்டைப் போட்டு அமுக்கித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்ததும் அது அலறும். "சும்மா இரி மக்கா, உனக்காகத்தானே" என்று சொல்லிக்கொண்டே பூசுவான்.

கிளி என்றால் இறகைக் கோதிக்கொண்டே இருக்கும். கோதக் கோத நீலமும் பிசினும் வயிற்றுக்குள் போயிற்று. கொவ்வைப்பழம் வைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை. இறகெல்லாம் ஒட்டிச் சடைபிடித்து, கண்ணை மூடி, உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் போனபோது சண்முகவடிவு அம்மாள் பூஜையறை வாசலில் அழுதுகொண்டிருந்தாள். கூடு அவள் மடியில் இருந்தது.

"எலே தாணு, அம்மனுக்க பட்சி எனக்க வீட்டுல கண்ணடைக்கப் போவுது. நான் என்ன குத்தம் செய்தேன்? வைத்தியரு வந்து பாத்து, ரெண்டு நாள் தாங்காதுன்னுட்டாரு. உனக்க மருந்து இருந்தா இன்னும் ஒரு நேரம் போட்டுப் பாரு மக்கா."

தாணுமாலயன் மடியைத் தொட்டான். பொட்டலம் இருந்தது. இன்னொரு பூச்சுப் பூசினால் அவன் மானம் பிழைக்கும், கிளி சாகும். தான் எதைக் காப்பாற்றக் கிளம்பினோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கத்தில் காது எரிந்தது.

"அத்தே, கொஞ்சம் வெந்நீ வேணும்" என்றான்.

முற்றத்தில், எல்லார் கண் முன்னாலும், வெதுவெதுப்பான தண்ணீரில் கிளியைத் துண்டோடு அமிழ்த்திக் கழுவினான். உருளியில் தண்ணீர் நீலமாயிற்று. ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் எடுத்தான். பிசின் இளகி, ஒவ்வொரு இறகாகப் பிரிந்து, மெலிந்து நடுங்குகிற ஒரு மஞ்சள் கிளி வெளியே வந்தது. வேலைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். சத்தம் கேட்டு மாமாவும் வந்துவிட்டார்.

தாணுமாலயன் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "மஞ்சக்கிளின்னு அறிஞ்சா நீங்க அரண்மனைக்குக் கொண்டுபோவீயன்னு பயந்து பூசினேன் மாமா" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

அம்மாள் கூட்டைத் தள்ளி வைத்தாள். "மீனாட்சி கையில மஞ்சக்கிளி எந்தக் கோயில்லடே இருக்கு? ஒரு மண்டலம் நான் சாயத்தையா கும்பிட்டேன்? கொண்டு போ. எனக்க கண்ணு முன்னால நிக்காத."

மாமா கிளியை நெடுநேரம் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை வந்து போவதை தாணுமாலயன் கண்டான். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார்.

"பிறந்தண்ணைக்கே சொல்லியிருந்தா இது பொற்கூட்டுல இருந்திருக்கும். இப்பம் ஊரு முழுக்கச் சாயக்கிளின்னு அறியும். நான் இதைக் கொண்டுபோனா, பச்சைக்கிளிக்கு மஞ்சள் பூசிக் கொண்டாந்தான்னு அங்ஙன சிரிப்பாவ. எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ."

கிளி தப்பியது! அரண்மனைக்கும் வேண்டாம், அம்மனுக்கும் வேண்டாம். வசவு வாங்கிய மனுஷன் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டான். கூட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு நடுவே நடந்தான். "இது என்ன பட்சி?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "கிளி. எனக்கதாக்கும்" என்றான். பாதி வழி ஓடினான்.

வீட்டுக்கு வந்ததும் உமையம்மாளைக் கூவி அழைத்தான். கூட்டைத் திறந்து கையை நீட்டினான்.

"வா மக்கா."

கிளி பின்கம்பியோடு ஒட்டி, சிறகை விரித்து, பாம்பைக் கண்டதுபோல அலறியது. அவன் இன்னும் கொஞ்சம் நீட்டினான். விரலை ரத்தம் வரக் கடித்தது. உமையம்மாள் அவனை விலக்கிவிட்டுத் தன் கையை வைத்தாள். கிளி நடுங்கிக்கொண்டே அதில் ஏறி, அவள் கழுத்தோரம் போய் முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பயந்து கெடக்கு. நாள் போனா மறந்திரும்" என்றாள்.

கிளி பிழைத்தது. வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழையில் கூரைத் தாரையில் நனைந்து கூத்தாடியது. புது இறகு முளைத்து முன்னைவிடப் பளபளத்தது. கொல்லயிலும் பாறசாலையுமாக ஊரே வந்து பார்த்தது. "அன்னைக்கு மிளகா தின்ன கிளி இதுதானவோய்?" என்று ரெத்தினதாஸ் சிரித்தார், அவர் விரலில் ஏறிக்கொண்டது. பால்க்காரி தோளில் ஏறியது. வழியே போகிறவன் கை நீட்டினாலும் ஏறியது. தாணுமாலயன் கை அசைந்தால் மட்டும் அழியின் கடைக்கோடிக்குப் பறந்து அலறியது. அவன் கெஞ்சிப் பார்த்தான். கையைத் துண்டால் மூடிப் பார்த்தான், துண்டைக் கண்டதும் அது இன்னும் மிரண்டது. ஒருநாள் தொழுவத்தில் போய் நின்று, மாட்டின் கழுத்தில் முகத்தை வைத்து அழுதான்.

அப்புறம் வேறு வழி கண்டுபிடித்தான். தினமும் காலையில் கொவ்வைப்பழங்களைப் பறித்துவந்து, கிளியறை வாசலின் உட்புறம் வைப்பான். உள்ளே பார்க்காமல் வெளியே வந்து கதவைச் சாத்துவான். கொஞ்ச நேரத்தில் அது இறங்கிவந்து பழத்தைக் கொத்தும் சத்தம் கேட்கும். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பழம் தீரும்வரை கதவுக்கு வெளியே நிற்பான்.