அடுப்பை ஒரே வருஷத்தில் கழித்தவள்

என் தங்கை கடைக்குள் நுழைந்து, கண்ணாடியைப் பார்க்காமலே நேராகப் பின்னால் போனாள். முடி வெட்டும் கடைக்குள் வருகிற எவரும் முதலில் கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். வழி கேட்க வந்தவர்கள்கூட ஓரக்கண்ணால் தங்களை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் வழி கேட்பார்கள். இவள் தலை அலசும் நாற்காலியில் போய் விழுந்து, கழுத்தைத் தொட்டி விளிம்பில் சாய்த்துக்கொண்டு, மேற்கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன்."

எனக்கு முன்னால் டீச்சரம்மா தலை முழுக்கச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார். காது இரண்டையும் பிளாஸ்டிக் உறை மூடியிருந்தது. இருந்தும் அவருக்குக் கேட்டுவிட்டது என்பது புருவத்திலேயே தெரிந்தது. ஆபீஸில் இருக்கவேண்டிய பெண் மதியத்தில் ஓடிவந்து இப்படிச் சொன்னால் யாருக்கும் வேறு நினைப்புதான் வரும். எனக்கும் வந்தது, பொய் சொல்வானேன்.

"யாருடி அவன்?"

"ரொட்டிக் கடை அண்ணன்."

டீச்சரம்மாவின் புருவம் சாயக் கோட்டைத் தொட்டுவிட்டது. ரொட்டிக் கடைக்காரருக்கு ஐம்பது தாண்டி எத்தனையோ வருஷமாகிறது, மூன்று பிள்ளைகள், தெருவில் அவருக்குப் பேரே 'மைக்'. கடைக்குள் அவர் ரகசியம் பேசினால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் பதில் சொல்வார்கள்.

"ஐயோ, அவரோட வரிக் கணக்குலக்கா!" என்று அலறினாள் தங்கை. எனக்குப் போன உயிர் பாதிதான் திரும்பி வந்தது.

இந்த வரிக் கணக்கு விவகாரத்தைக் கிளப்பிவிட்டதே நான்தான். அவள் கணக்கியல் தேர்வெல்லாம் எழுதி முடித்துவிட்டு, ஓடு விற்கும் கம்பெனி ஒன்றில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். என்ன வேலை? வந்த பில்லும் வந்த சரக்கும் ஒன்றா என்று பார்த்து டிக் போடுவது. அவ்வளவுதான். அவ்வளவு படித்தவளுக்கு இது போதுமா என்று எனக்கு வயிற்றெரிச்சல். தனியாக வரிக் கணக்கு பார்த்துக் கொடு, தெருவில் கடை வைத்திருக்கும் எல்லாருக்கும் ஆள் வேண்டியிருக்கிறது என்று நச்சரித்தேன். முதலில் ஒரு மூன்று பேருக்குச் செய்து பார்க்கிறேன், பிறகு முடிவு செய்கிறேன் என்றாள். அந்த மூன்று பேர் நான், ஒரு வேன் டிரைவர், அப்புறம் மைக். இதற்குள் கம்பெனிக்காரர்கள் விழித்துக்கொண்டு, வேலையை நிரந்தரமாக்குகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடு என்று ஒரு காகிதத்தை நீட்டிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டால் வெளியில் எவருக்கும் கணக்குப் பார்க்கக் கூடாது. போடாவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள். இன்று புதன்.

அவளுக்கென்று ஒரு வேலை முறை இருந்தது. ஒருவரின் கணக்கை முடித்து எடுத்து வைத்துவிடுவாள். சில நாள் கழித்து, முதலில் செய்ததைத் திறந்தே பார்க்காமல், பில்களை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி அடியிலிருந்து செய்வாள். இரண்டும் அச்சாக ஒத்துப்போனால்தான் அனுப்புவாள். என் கையில் தலையைக் கொடுத்த ஒருத்தி விடாமல் எல்லாரிடமும் இதைத் தம்பட்டம் அடித்திருந்தேன். "எங்க வீட்டுப் பொண்ணு எதையும் ரெண்டு தடவை பண்ணுவா." கத்தரி ஓடும்போது என் வாயும் சேர்ந்து ஓடும், அது தொழில் வியாதி.

"ரெண்டு தடவை பண்ணியும் எப்படிடி தப்பு வரும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவையும் ஒரே தப்பைப் பண்ணியிருக்கேன். ரெண்டும் ஒத்துப்போச்சு, அனுப்பிட்டேன்."

மைக் போன வருஷம் புது அடுப்பு வாங்கினார். ஆள் உயரம், உள்ளே தட்டுகள் தானாகச் சுற்றும். இவள் அதன் விலை முழுவதையும் அந்த ஒரே வருஷத்துச் செலவாகக் கழித்துவிட்டாள், மாவு வாங்கிய செலவு மாதிரி. அடுப்பு பல வருஷம் உழைக்கிற பொருள், அதை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழிக்க வேண்டுமாம். பாடத்தில் படித்திருக்கிறாள், தேர்வில் எழுதியும் இருக்கிறாள். ஆனால் தேர்வில் வந்தது 'இயந்திரம்'. இங்கே மாவு பில்லுக்கும் சர்க்கரை பில்லுக்கும் நடுவில் 'அடுப்பு' என்று வந்ததும், கை பாட்டுக்கு மாவோடு சேர்த்துவிட்டது. இன்று காலை கம்பெனியில் சரக்குத் தூக்கும் வண்டி ஒன்று வாங்கியதற்குக் கணக்கு எழுதியதைப் பார்த்ததும் சுரீரென்று உறைத்திருக்கிறது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வரி ஆபீஸுக்கு?"

"இன்னும் தெரியாது."

"வரி கம்மியாத்தானே கட்டியிருக்காரு? அவருக்கு லாபம்தானே? மூச்சு விடாதே."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. நான் ஏதோ வேற்று பாஷையில் பேசினதைப் போலப் பார்த்தாள். என் தொழிலில் நெற்றி முடி கையை மீறிக் குட்டையாகிவிட்டால், 'இப்ப இதுதாங்க ஸ்டைல்' என்று சொல்லி, பின்பக்கத்துக்குக் கண்ணாடி பிடித்துவிடுவோம். முடி வளர்ந்துவிடும், பாவமும் கரைந்துவிடும். அவள் எழுந்து, துண்டு மடிக்கிற மேஜையைக் காலி செய்து, கொண்டுவந்திருந்த மடிக்கணினியைத் திறந்தாள். டீச்சரம்மா மெதுவாகத் தொண்டையைச் செருமினார். சாயத்தை அலசவேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

சாயங்காலம் திருத்திய கணக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். நிஜத்தில், கடைசி நேரத்தில் பேச்சை மாற்றி அவளை இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்பதுதான் திட்டம். அந்த மனிதர் வாயில் விழுந்தால் தெருவில் ஒருவராவது அவளிடம் கணக்குக் கொடுப்பாரா?

ரொட்டிக் கடையில் கூட்டம். மைக் அந்த அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருந்தார், கை முழங்கை வரை மாவு. "வாம்மா ஆடிட்டர்!" என்று முழங்கினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"அண்ணே, உங்க கணக்குல தப்பு பண்ணிட்டேன்," என்றாள். குரலைத் தணிக்கவும் இல்லை, ஓரமாகக் கூப்பிடவும் இல்லை. அடுப்பைக் காட்டி, எது தப்பு, எப்படி இருந்திருக்கவேண்டும் என்று நாலே வாக்கியத்தில் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் வரி வருது. அதை நீங்கதான் கட்டணும், அது உங்க வரி. லேட்டானதுக்கு அபராதம் போட்டாங்கன்னா அதை நான் கட்டறேன். அது என் தப்பு."

"சின்னப் பொண்ணுங்க, இப்பதான் புதுசா..." என்று குறுக்கே புகுந்தேன்.

"அக்கா, சும்மா இரு."

சின்ன வயசிலிருந்து அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. சும்மா இருந்தேன்.

"எதையும் நீ ரெண்டு தடவை பாப்பேன்னு உங்க அக்கா ஊரெல்லாம் சொன்னாங்களே?" என்றார் மைக். வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"பாத்தேண்ணே. ரெண்டு தடவையும் தப்பாத்தான் பாத்தேன்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மைக் சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கி, மாவுக் கையோடு கையெழுத்துப் போட்டார். "அடுத்த வருஷம் நான் வேற ஆளைப் பாத்துக்கறேம்மா," என்றார். "தப்பா எடுத்துக்காதே."

"சரிண்ணே." அவள் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினாள். "அப்படின்னா இதை அவர்கிட்ட குடுங்க. இந்த அடுப்புக்கு இன்னும் எத்தனை வருஷம், வருஷத்துக்கு எவ்வளவு கழிக்கலாம்னு எழுதியிருக்கேன். புதுசா வர்றவருக்குத் தெரியாமப் போச்சுன்னா உங்களுக்குத்தான் நஷ்டம்."

மதியம் துண்டு மேஜையில் உட்கார்ந்தபோதே, தன் இடத்துக்கு வரப்போகிறவருக்கும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறாள். இவள் என்னோடு ஒரே வீட்டில், ஒரே போர்வைக்குச் சண்டை போட்டு வளர்ந்தவள்தானா? இந்தத் தைரியத்தை எங்கிருந்து வாங்கினாள்? எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இது கிடையாது. மைக் அந்தத் தாளை வாங்கி, அடுப்பின் பக்கவாட்டில் காந்தத்தால் ஒட்டிவைத்துவிட்டு ரொட்டித் தட்டுகளை இழுக்கத் திரும்பினார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தோம். அவள் முகம் செத்துப்போயிருக்கும், தேற்றவேண்டியிருக்கும் என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். பார்த்தால், அவள் முணுமுணுத்துக்கொண்டே ஏதோ யோசித்துக்கொண்டு வருகிறாள்.

"பயமா இருக்காடி?"

"இவ்வளவு நாளா இருந்துச்சு. தப்பு வந்துட்டா என்ன பண்றதுன்னு. வந்துடுச்சு. என்ன பண்றதுன்னு இப்பத் தெரியும்." கொஞ்சம் நின்று, "என் முறைதான் சரியில்லைக்கா. நானே ரெண்டு தடவை பாத்தா, ரெண்டு தடவையும் பாக்கறது நான்தானே? வேற ஒரு கண்ணு வேணும்," என்றாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை?"

அவள் போனை எடுத்தாள். கூப்பிட்டது கூடப் படித்தவள் ஒருத்தியை, அவளும் இப்படித்தான் தனியாகச் செய்யலாமா வேண்டாமா என்று ஊசலாடிக்கொண்டிருப்பவள்.

"ஏய், நான்தான். உன் கணக்கெல்லாம் நான் பாக்கறேன், என்னோடதை நீ பாக்கறியா? இரு, அதுக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்றேன், கேட்டுட்டுச் சொல்லு."

நடைபாதைக்கு நடுவில் நின்றுவிட்டாள். வேலை முடிந்து போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அடுப்பைப் பற்றிச் சொல்லும்போது சிரித்தாள், எதிர்முனையிலும் சிரித்திருக்க வேண்டும், இன்னும் பெரிதாகச் சிரித்தாள். பேச்சை நிறுத்தாமலே, கழுத்தை உறுத்திக்கொண்டிருந்த கம்பெனி அடையாள அட்டையை இடது கையால் தலைக்கு மேலாகக் கழற்றி, என் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். பட்டை அவள் கழுத்துச் சூட்டோடு இருந்தது. அதை என் பையில் போடுவதா, அவள் பையில் போடுவதா என்று தெரியாமல், கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.