பதினாலு

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது கேலரிக்காரர்கள்தான். பதினோரு வருஷமாக ஒரே கிளப்புக்குக் கூடைப்பந்து ஆடுகிறாள். எதிரணி சப்பையோ கில்லாடியோ, ஆட்டம் முடிந்து பார்த்தால் அவள் பெயருக்கு நேரே பதினாலு பாயிண்ட் இருக்கும். மிஞ்சினால் பதினாறு, குறைந்தால் பன்னிரண்டு. "பதினாலு வந்தாச்சு, வீட்டுக்குக் கிளம்பலாம்" என்று கேலரியில் சிரிப்பார்கள். முப்பத்துமூன்று வயதிலும் தினம் ஐந்தரைக்கு எழுந்து, இருநூறு தடவை கூடையில் எறிந்து பழகித்தான் அந்தப் பதினாலு வருகிறது என்பது சிரிக்கிறவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

அதே அணியில் மின்னல் என்று ஒருத்தி இருந்தாள். பயிற்சிக்கு வந்தால் வந்தாள், வராவிட்டால் இல்லை. லீக் ஆட்டங்களில் மூன்று பாயிண்ட் எடுத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பைனல் என்று வந்துவிட்டால் போதும், பேய் பிடித்தவள் மாதிரி முப்பது எடுப்பாள். எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

பைனலுக்கு முந்தின நாள் மேனேஜர் பதினாலைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த சீசனுக்கு ஒரு இடம்தாம்மா இருக்கு. உனக்கா மின்னலுக்கான்னு நாளைக்கு பைனல்ல தெரிஞ்சிடும்."

"இதுவரைக்கும் ஆடின முப்பது மேட்ச்ல தெரியலையா சார்?"

"அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா? பெரிய ஆட்டத்துல நீ என்னைக்காவது பெருசா ஆடியிருக்கியா?"

"சின்ன ஆட்டத்துல சின்னதா ஆடினதும் இல்லையே சார்."

மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அவளுடைய அக்கா பஸ் டிரைவர். அன்று வேலை முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு முழுக்கதையையும் கேட்டாள்.

"ஒரே ஒரு நாள் உனக்காக ஆடேன்டி. பந்து கைக்கு வந்தா யாருக்கும் கொடுக்காதே. நீயே போடு."

"நீ என்னைக்காவது ஸ்டாப்புல நிக்காம போயிருக்கியா?"

"நிக்காம போனா என் வேலை போயிடும்."

"எனக்கு நின்னா போயிடும் போலிருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்றைக்கு இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

பைனலில் கடைசி ஒன்பது விநாடி. ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தார்கள். பதினாலு ஏற்கெனவே பதினாலு எடுத்திருந்தாள், பந்தும் அவள் கையில்தான் இருந்தது. அவள் கூடையை நோக்கிப் பாய்ந்ததும் எதிரே இரண்டு பேர் வழிமறித்தார்கள். அதில் ஒருத்தி அதுவரை மின்னலை விட்டு நகராமல் காவல் காத்தவள். மூலையில் மின்னல் தனியாக நின்றாள்.

இரண்டு பேர் தலைக்கு மேலே எறிந்தால் விழலாம், விழாமலும் போகலாம். விழுந்துவிட்டால் வேலை அவளுக்கு. ஆசை இல்லாமல் இல்லை. மின்னலுக்குக் கொடுத்தால் தன் சோற்றைத் தானே எடுத்து அடுத்தவள் தட்டில் வைத்த கதைதான். இத்தனையும் தெரிந்தே பந்தை மூலைக்கு அனுப்பினாள். மின்னல் எறிந்தாள். பந்து வளையத்தைத் தொடாமல் கூடைக்குள் இறங்கியது. கோப்பை வந்துவிட்டது.

உடைமாற்றும் அறையில் மின்னல் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்களே போட்டிருக்கலாமேக்கா. மேனேஜர் சொன்னது எனக்கும் தெரியும்."

"நீ காலியா நின்னே."

"உங்க இடத்துல நான் இருந்திருந்தா கொடுத்திருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும்."

மறுநாள் காலை மேனேஜர் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "கடைசிப் பந்தை நீ போட்டிருந்தா யோசிச்சிருப்பேன்" என்றார்.

"அதே ஒன்பது செகண்டைத் திருப்பிக் கொடுங்க சார். மறுபடியும் அவளுக்குத்தான் கொடுப்பேன்."

ஷூக்களைப் பையில் திணித்துக்கொண்டு வெளியேறினாள். அக்கா ஓட்டிய பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்து அழுதாள். மறைப்பானேன், நன்றாகவே அழுதாள். பஸ் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று நின்று போனது.

பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்த கிளப் அவளைச் சேர்த்துக்கொண்டது. ஜெர்சி கொடுக்கிறவர், "ஏழு இருக்கு, ஒன்பது இருக்கு, எந்த நம்பர் வேணும்?" என்று கேட்டார்.

"பதினாலு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேலரிக் கிண்டல் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "வேணாம்மா, ஓட்டித் தள்ளிடுவாங்க."

"ஓட்டட்டும். முதுகுல கொஞ்சம் பெரிய எழுத்தா போட்டுக் கொடுங்க."

புது சீசனில் ஐந்தாவது ஆட்டம் பழைய கிளப்போடு. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கேலரி பாதிக்கு மேல் காலி. மின்னல் நான்கு பாயிண்ட் எடுத்துவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினாலு வழக்கம்போல் பதினாலு எடுத்தாள். கடைசி இடத்து கிளப் ஆறு பாயிண்டில் ஜெயித்தது.

மேனேஜர் கைகுலுக்க வந்தார். தோற்றவர் சிரிக்கிற சிரிப்பு. "பரவாயில்ல, இது சாதாரண லீக் மேட்ச்தானே."

"ஆமா சார்" என்றாள் அவள். "இந்த மாதிரி இன்னும் இருபத்தஞ்சு இருக்கு."

சொல்லிவிட்டுத் தன் முதுகு அவருக்கு நன்றாகத் தெரியும்படி மெதுவாக நடந்து போனாள்.