சங்கிலி போகாத இடம்

மலையூரான பூனாகலையில் பிறந்து வளர்ந்த டிலக்ஷி, வரைபடத்தில் சமவுயரக் கோடுகளைப் பார்த்தே ஏற்றம் எங்கே மூச்சு வாங்க வைக்கும் என்று சொல்லிவிடுவாள். ஆனால் பதுளை அலுவலகத்தில் அவளிடம் வந்து சேர்ந்தது கடல்நீர் புகுந்து தேங்கும் கிழக்குக் கரையோரக் களப்பு ஒன்றின் நூறு வருஷத்துப் பழைய வரைபடத் தாள். அதில் கோடே இல்லை. எங்கும் புல் முடிச்சு மாதிரிச் சதுப்புக் குறிகள். ஓரத்தில், அன்று அளந்தவர் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பு: ‘இதற்கப்பால் நிலம் அளக்கும் சங்கிலி போட முடியவில்லை.’

அந்தப் பக்கம் பாதை போடப் போகிறவர்களுக்காக, பழைய தாளை வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தோடு பொருத்திப் புதிய வரைபடம் செய்வது அவள் வேலை.

“செய்மதியில நல்ல புல்வெளியா இருக்கு சேர். அந்த மனுசன் வெயிலுக்குப் பயந்து திரும்பியிருப்பாரு. சதுப்புக் குறிய எடுத்துடவா?” என்றாள், மேலாளர் ஷாஹ்மியிடம்.

“எடுக்க முந்தி ஒருக்கா போய்ப் பார்ப்போம்” என்றார் அவர்.

பசறை வழியாக மலையிறங்கி, மறுநாள் காலை களப்பருகே நின்றார்கள். மலையே இல்லாத வானம் அவளுக்கு என்னவோ போலிருந்தது. எதிரே இளம்பச்சைப் புல், காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. அவள் விறுவிறுவென்று நடந்தாள். புல் விலகியது, தரை இல்லை. இடுப்பு வரை சேற்றுக்குள் போய்விட்டாள்.

“மாதாவே!”

“உதறாதீங்க! உதறினா இன்னும் இறங்கும்!” ஷாஹ்மி குப்புறப் படுத்து அளவுகோலை நீட்டினார். “இதப் புடிச்சிட்டு முன்னுக்குச் சாயுங்க. மெதுவா... மெதுவா.”

சேறு ஒரு சப்பாத்தை வைத்துக்கொண்டு அவளை விட்டது. கரையில் கிடந்தவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்று சங்கிலியோடு வந்த அந்த மனிதரும் இப்படித்தான் மாட்டியிருப்பாரோ? அவரைத் தூக்கிவிட யார் இருந்தார்களோ?

அன்று முழுக்க, கோலால் குத்திப் பார்த்தபடி ஓரமாகவே சுற்றினார்கள். சில இடங்களில் களப்பு நகர்ந்திருந்தது. மற்றபடி சேறு தொடங்கும் எல்லை அநேகமாகப் பழைய தாளில் இருந்தபடியேதான்.

இரண்டு வாரம் கழித்து, சதுப்புக் குறிகளோடு போன புதிய வரைபடத்தைப் பார்த்துப் பாதைக்காரர்கள் தொலைபேசியில் கேட்டார்கள்: “செய்மதிப் படத்துல புல்லுதானே தெரியுது மிஸ்?”

“தெரியும். நான் அதுக்குள்ள நின்னுட்டு வந்திருக்கேன்” என்றாள் டிலக்ஷி. “பாதையை மேற்கால தள்ளிப் போடுங்க.”

கொஞ்சம் முணுமுணுத்தார்கள். பிறகு, எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்று கேட்டார்கள்.