நீலம் பட்ட குதிரை

மணவாளன் துணியை வெந்நீரில் முக்கி, சூடு பொறுக்காமல் கையை உதறிக்கொண்டே முறுக்கிப் பிழிந்து, குதிரையின் விலாவில் வைத்துத் தேய்த்தார். ஆவி எழுந்தது. சாணியில் படுத்துப் படுத்து மஞ்சளேறிய ரோமம். கறை பாதிதான் வந்தது.

நாளைக்குச் சிதம்பரம் ரோட்டில் குதிரை வண்டிப் பந்தயம். தை பிறந்தும் மேல்பட்டாம்பாக்கத்தில் பனி விடவில்லை. வெயில் வந்த பிறகும் ஆற்றுப் பக்கமிருந்து வாடை அடித்தது. இந்தக் குளிரில் குதிரைமேல் தண்ணீர் ஊற்றினால் சளி பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து, துடைத்த இடத்தை உடனே உலர்த்தி, சாக்கைப் போர்த்திக்கொண்டே போகவேண்டும். இத்தனை வருஷமும் அண்ணன் தட்சிணாமூர்த்தி செய்த வேலை அது. இப்போது அவர் ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் கிடந்தார். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். படித்தவன் கையை விரிப்பது அப்படித்தான் என்று மணவாளனுக்குத் தெரியும்.

"டேய்... தண்ணி ஊத்துறியா?" உள்ளேயிருந்து குரல் இழுத்துக்கொண்டு வந்தது.

"ஊத்தல. துணியாலதான் தொடைக்கிறேன். நீ மூடிக்கினு படு."

"சத்தம் கேட்டுச்சே."

"துணி பிழிஞ்சா சத்தம் வராம பாட்டா வரும்?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் ஒலி. "முடிச்சிட்டுக் கூட்டியாந்து காட்டு. கறையோட அனுப்பிட்டான்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

அண்ணி புஷ்பவள்ளி வெளியே வந்தாள். "தம்பி, சீக்கிரம் காட்டிடுங்க. கஞ்சிகூட எறங்கல. குதிர குதிரன்னே கெடக்குறாரு."

"இப்பிடியே காட்டுனா எழுந்துவந்து அடிப்பாரு, அண்ணி."

"எழுந்துவந்தா வாங்கிக்குங்க."

நாளைக்கு வண்டி ஓட்டவேண்டிய ராஜவேல் ஒரு பாட்டிலை நீட்டினான். கடலூரில் வாங்கிய குதிரை ஷாம்பு. மணவாளன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இதுல என்னா கலந்திருக்கோ. போன வருஷம் நம்மள எதுத்து நீ எவன் வண்டிய ஓட்டுன?"

"மாமா, அதுக்கும் இதுக்கும்..."

"ஓட்டறதோட நில்லு."

பாட்டில் மதில்மேல் போய் உட்கார்ந்தது. துணி துவைக்கிற கல்லருகே சொட்டு நீலம் இருந்தது. தன் வேட்டியை வாராவாரம் அதில் முக்கித்தான் மணவாளன் வெளுப்பாக வைத்திருந்தார். வேட்டியை வெளுக்கிறது வெள்ளைக் குதிரையை வெளுக்காதா? வெந்நீரில் நாலு சொட்டு விட்டார். கறை பெரிதாக இருக்கவே நீலப் பாட்டிலையே சாய்த்தார். விலா, தொடை, கழுத்து என்று அழுத்தித் தேய்த்தார்.

ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரோமம் காயக் காய நீலம் மேலே வந்தது. மஞ்சள் இருந்த இடமெல்லாம் பச்சை.

ராஜவேல் வாயைப் பொத்திக்கொண்டான். "மாமா, மயிலுக்குப் பந்தயம் கெடையாது."

"மூடு. அடுப்புல கரும்புச் சோகையத் தள்ளு."

"ஆச்சாடா?" என்றது ஜன்னல்.

"ஒரு பக்கம் ஆச்சு. இன்னொரு பக்கம் கெடக்குது."

புஷ்பவள்ளி வந்து குதிரையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "அப்பிடியே கூட்டியாங்க தம்பி. பச்சையோ நீலமோ."

"இல்ல அண்ணி. ஒரு நாளும் அவுரு வாயால நல்லா செஞ்சேன்னு கேட்டதில்ல. இன்னிக்கு ஒரு நாள் கேட்டுக்கிறேன்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

காய்ந்த சோகை படபடவென்று எரிந்தது. மணவாளன் நீரை மாற்றினார். முக்கினார், பிழிந்தார், தேய்த்தார். விரல்கள் வெந்து சிவந்தன. ஜன்னல் இன்னொரு முறை கேட்டது. இதோ என்றார். அப்புறம் அது கேட்கவில்லை. தூங்குகிறார் போல, தூங்கட்டும், எழுவதற்குள் முடித்துவிடலாம் என்று கையை வேகமாக்கினார். தொடை வெளுத்தது. விலாவில் பச்சை போய்ப் புகைமாதிரி ஏதோ மிச்சமிருந்தது. கழுத்துதான் பாக்கி.

"அண்ணே, கழுத்து மட்டுந்தான்," என்று அவராகவே குரல் கொடுத்தார்.



துணியைப் பிழிந்தார். "தண்ணி ஊத்தல. பிழியறேன்," என்றார், இன்னும் உரக்க.

உள்ளே புஷ்பவள்ளி வீறிட்டாள்.

ராஜவேல் ஓடினான். மணவாளன் ஓடவில்லை. கையிலிருந்த துணி ஆறும்வரை நின்றார். பிறகு அதை வாளியில் போட்டுவிட்டு, தோளிலிருந்த துண்டை எடுத்துக் குதிரையின் கழுத்தை உலர்த்த ஆரம்பித்தார்.

தெரு கூடியது. யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார்கள். நாளைக்கு எங்கள் குதிரை வராது என்று ராஜவேல் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுச் சாமிக்கண்ணு காதில் விழும்படியே பேசினார்: "கூடப் பொறந்தவன் உள்ள கெடக்கறான். இவுரு குதிர தேய்க்கிறாரு. என்னா மனுசன்யா."

மணவாளன் திரும்பவில்லை. துண்டு நனைந்துபோனது. சட்டையைக் கழற்றி அதால் தேய்த்தார்.

தலை கலைந்த புஷ்பவள்ளி வெளியே வந்தாள். பிடித்துக்கொண்ட பெண்களின் கையை விலக்கிவிட்டுக் குதிரைப் பக்கம் நடந்தாள்.

"வந்து மொகத்தப் பாருங்க தம்பி."

"வரேன் அண்ணி. ஈரமா இருக்குது. இப்பிடியே உட்டா சளி புடிச்சிக்கும்."

வாடையில் குதிரையின் தோல் சிலிர்த்தது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொடியில் காய்ந்த தன் புடவை ஒன்றை உருவிச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்று, முதுகிலிருந்து கீழே தேய்க்கத் தொடங்கினாள்.

குதிரை நடுவில் நின்றது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.