பச்சை உடம்புக்கு ஒரு போத்தல் ஸ்டவுட்

என் கணவர் ஞானரட்ணம் மாஸ்டர் தன் வாழ்நாளில் குடித்த ஆகக் காரமான பானம் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ட்டீ. அதற்கே அவருக்கு மூக்கு வியர்த்துவிடும். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நேரம் போக, மீதி நேரமெல்லாம் மதுவிலக்குச் சங்கம் என்று அலைவார். தலைவரும் அவர்தான், செயலாளரும் அவர்தான். சங்கத்துப் புத்தகத்தில் பதினொரு பேர் கைநாட்டு வைத்தார்கள். பத்துப் பேர் அடுத்த சம்பள நாள்வரை தாக்குப்பிடித்தார்கள்.

மிஞ்சியது தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற அழகுமுத்து ஒருவன்தான். என்னை அக்கா என்று கூப்பிடுவான். கைநாட்டு வைத்த கையோடு, எதற்கும் இருக்கட்டும் என்று மாரியம்மன் கோயிலில் சூடமும் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு, அறுபது நாளாகச் சொட்டுத் தொடாமல் இருந்தான். அந்த அறுபது நாளில் அவன் மனைவி வீரம்மா ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாள். அவன் சறுக்கினால் சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான். மாஸ்டரே சறுக்கினால் பிறகு யார் முகத்திலும் விழிக்க முடியாது.

இப்படிப்பட்ட மனிதர் தலையில்தான், எழுபத்துநாலில் எங்கள் மகள் பிறந்த ஐந்தாம் நாள், மருத்துவச்சி அந்தோனியம்மா குண்டைத் தூக்கிப் போட்டாள். தாய் வெளுத்துப்போய்க் கிடக்கிறாள், பால் போதவில்லை, ஸ்டவுட் என்கிற கறுப்பு பியரில் முட்டை அடித்துத் தினமும் ஒரு கிளாஸ் கொடுங்கள் என்றாள். இவர் ஹோர்லிக்ஸ் வாங்கலாமே என்றார். எந்தக் கடையில் இருக்கிறதென்று காட்டுங்கள் என்றாள் அவள். சீனிக்கே கியூவில் நின்ற வருஷம் அது. இவர் ஆட்டுக்கால் சூப் என்றார், கடைசியில் செபமாலை என்றார். செபமாலையும் சொல்லுங்கள், ஸ்டவுட்டையும் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வெந்நீர் வைக்கப் போய்விட்டாள்.

எனக்கு வந்ததே கோபம். பிள்ளை தொண்டை வற்ற அழுகிறது, இவர் யார் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறார்.

"உங்களுக்கு ஒங்க பேரு பெருசா, புள்ள பெருசா?" என்று கேட்டேன்.

அவர் கல்யாணக் கோட்டை எடுத்து மாட்டினார். மழையில்லாத நாளில் குடையையும் எடுத்துக்கொண்டார். தலவாக்கலைக்குப் போனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தகப்பன்மார் பாதிப்பேர் சாராயக் கடை வாசலில்தான் நிற்பார்கள். அதனால் எங்கள் ஸ்டேஷனான வட்டகொடையில் ரயிலேறி எதிர்ப்பக்கம் நானுஓயாவுக்குப் போனார்.

அங்கே கடைக்காரரிடம், இது என் மனைவிக்கு என்று சிங்களத்தில் ஒரு தரமும் தமிழில் ஒரு தரமும் சொல்லியிருக்கிறார். கடையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்களாம். அவர்களும் எப்போதும் மனைவிக்குத்தான் வாங்குகிறார்களாம். ஒருவருடைய மனைவிக்கு நாளுக்கு அரைப் போத்தல் சாராயம் தேவைப்படுகிறதாம், பாவம். புதுசாக ஆரம்பிக்கிறவருக்கு ஸ்டவுட் கசக்கும், வெள்ளை பியரில் தொடங்குங்கள் என்று இன்னொருவர் அக்கறையோடு சொன்னாராம்.

அங்கிருந்து தப்பி ஸ்டேஷனுக்கு வந்தால், தன் சொந்த அக்காளைப் பதுளை ரயிலேற்றிவிட்டு அழகுமுத்து நிற்கிறான். பையிலிருந்த போத்தல் குடைக்காம்பில் இடித்ததுதான் தாமதம், அவன் பையைப் பார்த்தான். அந்தச் சத்தத்தை அவனைவிட நன்றாக அறிந்தவர் எங்கள் தோட்டத்தில் யாரும் இல்லை. இவர் முழுக்கதையையும் கொட்டிவிட்டார். அவன் சிரிக்கவில்லை.

ரயிலில் வழி முழுக்க, செத்துப்போன சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிறவனைப்போல அவன் குடிவகைகளைப் பற்றிப் பேசினானாம். பொல்பிட்டிய பக்கத்துக் கித்துள் மரத்துக் கள்ளை விடியற்காலையில் குடிக்க வேண்டும். சாராயம் என்றால் பனி இறங்குகிற நேரம், பக்கத்தில் சுட்ட கருவாடு. பியர் துரைமார் குடிக்கிற சோப்புத் தண்ணீர். கித்துள் கள்ளு இனிக்குமா என்று மாஸ்டர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். இதை அவரே பிறகு வெட்கத்தோடு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

வட்டகொடையில் இறங்கியதும் இவர் பையைக் கோட்டுக்குள் ஒளிக்கப் பார்த்தார்.

"குடுங்க மாஸ்டர், நான் கொண்டாறேன். என் கையில போத்தலப் பாத்தா யாருக்கும் அதிசயமா இருக்காது" என்றான் அழகுமுத்து.

இவரும் கொடுத்துவிட்டார். அதை நான் இன்றுவரை முழுசாக மன்னிக்கவில்லை. அவன் முன்னால் நடக்க, இவர் இருபது அடி பின்னால் குடைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே, லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி. பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் வாளியோடு நின்றார்கள், வீரம்மாவும் நின்றாள். பைக்கு வெளியே போத்தல் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். வாளியை வைத்துவிட்டு, ஈரக் கல்லில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழகுமுத்து மாஸ்டரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இவர் பேசாமல் தாண்டிப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

இவர் குடையை மடக்கினார்.

"வீரம்மா, அந்தப் போத்தல் என்னுது. நான்தான் வாங்குனேன்."

கல்யாணமான ஆறு வருஷத்தில் அந்த நிமிஷம்போல அவரை எனக்கு என்றுமே பிடித்ததில்லை. ஆனால் ஒருத்தியும் நம்பவில்லை.

"நீங்க நல்ல மனுசன் மாஸ்டர்" என்றாள் வீரம்மா. "இந்தக் குடிகாரனுக்காக ஏன் பொய் சொல்றீங்க?"

மற்றப் பெண்கள், மாஸ்டருக்குத் தங்கமான மனசு என்றார்கள். இவர் மறுபடி மறுபடி சத்தியம் செய்ய, அவர்களுக்கு இவர்மேல் இன்னும் மரியாதை கூடியது. விடை தெரிந்தும் வாத்தியார் நம்பாத பையனைப்போல முழித்துக்கொண்டு நின்றார்.

பச்சை உடம்புக்காரி வாசல் தாண்டக்கூடாது. பிள்ளையை அந்தோனியம்மா கையில் கொடுத்துவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். திறந்து கொடு என்று அழகுமுத்துவிடம் சொன்னேன். பல்லால் கடித்துத் திறந்து, மணம் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினான். கால் போத்தலை ஒரே மூச்சில் இறக்கினேன். கருகிய மல்லியைக் கஷாயம் வைத்த மாதிரி ஒரு கசப்பு. ஆனாலும் பழக்கப்பட்டவள்போலப் புறங்கையால் வாயைத் துடைத்தேன்.

"மருத்துவச்சி சொன்ன மருந்து. எனக்குத்தான் வாங்கிட்டு வந்தாரு" என்றேன்.

மேலே ஜன்னலிலிருந்து அந்தோனியம்மா முட்டை அடிக்கவில்லையே என்று திட்டினாள். அதன்பிறகுதான் அவர்கள் நம்பினார்கள். மாஸ்டர் கடைக்குப் போன கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். இவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துவந்து கீழே கிடந்த மூடியை எடுத்துப் பார்த்தாள். ஸ்டேஷனிலிருந்து நீதான் தூக்கி வந்தாயா என்று அழகுமுத்துவைக் கேட்டாள். அவன் தலையாட்டினான். அவர்களுக்குக் கல்யாணமான பதினொரு வருஷத்தில் திறக்காத போத்தல் எதுவும் அவன் கையில் லயம்வரை வந்து சேர்ந்ததில்லை.

மூடியை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் என் கணவரைப் பார்த்தாள்.

"மாஸ்டர், அக்காவுக்கு அடுத்த போத்தல் வாங்கணும்னா இவர அனுப்புங்க" என்றாள்.

அழகுமுத்து அவளுடைய வாளியைத் தூக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் லயத்துப் பக்கம் நடந்தான். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியது.