முகம் பார்க்கும் தகடு

திருவொற்றியூரில் எங்கள் பட்டறை முதலாளி டென்னிஸுக்கு உலோகத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது பளபளக்க வேண்டும் என்பது மட்டும்தான். 2004-இல் ‘நானோ’ என்ற வார்த்தையை எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, வாசல் பலகையில் பெரிதாக எழுதிவைத்தார்.

வேலை மட்டும் என்னுடையது. எஃகுத் தகட்டைப் பெட்டிக்குள் பொருத்தி, சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை அதன்மேல் தெறிக்கவிட்டு மணிக்கணக்கில் அடிக்கவைப்பேன். அடிபட்ட மேல்தோலில் உலோகத்தின் படிகங்கள் நொறுங்கி நொறுங்கி நானோ அளவுக்குப் பொடியாகும். அதனால் அந்தத் தோல் கெட்டிப்படும், சீக்கிரம் தேயாது. ஆனால் அது தலைமுடியைவிட மெல்லியது. பார்க்கவும் மங்கலாக, குழிகுழியாக இருக்கும்.

வாங்குபவர்கள் பார்க்க வரும் நாளன்று காலையில் போனால், தகடு கண்ணாடியாக மின்னியது. டென்னிஸ் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

“மொதலாளிதான் மிஷின்ல நல்லா தேய்ச்சி பாலீஷ் போடச் சொன்னாரு. நான் இன்னா பண்றது?” என்றார் பாலீஷ் மிஷினில் நிற்கும் லோகநாதன்.

“அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருந்துச்சு சங்கமித்ரா. இப்ப பாரு!” என்றார் டென்னிஸ்.

கோபம் வந்தால் என் வாயில் வியாசர்பாடிப் பேச்சுதான் வரும். பெருக்குகிற கெங்கம்மாவிடமிருந்து முறத்தை வாங்கி, மிஷினடியில் கூட்டி அள்ளிய தூளை டென்னிஸ் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

“மேல்தோலு மொத்தமும் இதுலதான் சார் கீது. வர்றவங்களுக்கு இத்த காட்டு.”

அவர் தூளை உற்றுப் பார்த்தார்.

“பாட்டில்ல போட்டு லேபிள் ஒட்டிடலாமா?” என்றார், நிஜமாகவே.