பதினேழு தையல்

அப்பாவின் காலரை மகள் நீவிவிட்டுக்கொண்டிருந்தபோது, கோப்பும் கையுமாக ஒருவர் உள்ளே வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, "புகார் கொடுத்தவர் இருக்காரா?" என்றார்.

"இருக்காரு. ஆனா பேச மாட்டாரு," என்றாள் மகள்.

நடுவில் கிடத்தியிருந்தவரைப் பார்த்ததும் வந்தவருக்கு முகம் செத்துவிட்டது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் தனி ஆணையத்திலிருந்து வருவதாகச் சொன்னார். புகார் கொடுத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு, சரியாக இன்றைக்கு.

அன்று தெருமுனையில் ஒரு போலீஸ்காரர் பழவண்டியைக் கவிழ்த்தார். அப்பா அவருடைய சட்டை எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுக்கப் போனார். "யார்ரா நீ?" என்று பிடுங்கியதில் பேனா தப்பியது, சட்டைப் பை கிழிந்தது. தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவர் சும்மா இருப்பாரா? ஆணையத்துக்கு இருபத்தாறு பதிவுத் தபால்கள் அனுப்பினார். கிழிந்த சட்டையைத் துவைக்காமல் உறையில் போட்டு, சாட்சி என்று அலமாரியில் பத்திரப்படுத்தினார்.

"வாரிசு கையெழுத்துப் போட்டா விசாரணை தொடரும்மா. ஆனா அந்தச் சட்டை இல்லாம ஒண்ணும் நடக்காது. நாளைக்குக் கோப்பை மூடிடுவாங்க," என்றார் வந்த அதிகாரி.

மகள் அலமாரிக்கு ஓடினாள். உறை காலி.

"அதுவா?" என்றாள் அத்தை. "அண்ணனுக்கு நல்ல சட்டையே இல்ல. துவைச்சு, தைச்சு, இஸ்திரி போட்டு மாட்டிட்டேன். வெள்ளை நூல் கிடைக்கல."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் நெஞ்சில் நீல நூல் பளிச்சென்று ஓடியது. மகளுக்கு அத்தையைக் கொல்லலாம் போலிருந்தது.

"கழட்ட முடியுமா?" என்றார் அதிகாரி தயங்கித் தயங்கி.

காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா நிமிர்ந்தாள். "போலீஸ் ஒரு தடவை கை வச்சது போதும்."

"நாங்க போலீஸ் இல்லம்மா. தனி."

"தனியா வந்தாலும் சரி, கூட்டமா வந்தாலும் சரி."

அதிகாரி சற்று நேரம் நூலையே பார்த்தார். பிறகு மண்டியிட்டு, அடிக்கோலை வைத்து அளந்தார், படம் எடுத்தார். "கிழிசல் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு அச்சடிச்ச மாதிரி தெரியுது. எத்தனை தையல்மா?"

"பதினேழு," என்றாள் அத்தை, தலைமுடியைச் சரிசெய்தபடி. "ரெண்டு முடிச்சு."

அதையும் எழுதிக்கொண்டார். அத்தை சாட்சியானாள்.

மகள் அப்பாவின் பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள். அதிகாரி எழுந்து, அப்பாவைப் பார்த்து, "புகாரை எடுத்துக்கிட்டோம், ஐயா," என்றார். அதுவரை அழாத மகளுக்கு அந்த 'ஐயா'வில் அழுகை பீறிட்டது.

பேனாவை அப்பாவின் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. அத்தை பையின் வாயையும் சேர்த்துத் தைத்திருந்தாள்.

அப்பாவையும் மகளையும் ஏற்றிய அமரர் ஊர்தி தெருமுனைக்கு வந்ததும் ஒரு போலீஸ்காரர் விசிலடித்து நிறுத்தினார். "ஏய், ஓரமா போடா!" என்று டிரைவரை அதட்டினார்.

மகள் அவர் சட்டையிலிருந்த எண்ணைப் பார்த்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.